கிளாம்ப் மீட்டரில் சின்ன கரண்டை அளக்க

கிளாம்ப் மீட்டர் என்பது வயரை வெட்டாமல் வாய்க்குள் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி. சின்ன கரண்டை அளக்கும்போது ஃபேஸ் வயரை (கரண்ட் வரும் வயர்) மீட்டரின் வாய்க்குள் பத்து சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றும் காந்தப்புலத்தைக் கூட்டுவதால் மீட்டர் பத்து மடங்கு காட்டும். 28 வாட் பி.எல்.டி.சி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன்) 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 0.12 ஆம்பியர்தான், சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் மலிவு மீட்டரில் அது தடுமாறும். பத்து சுற்றில் 1.2 என்று வந்தால் நம்பிப் படிக்கலாம்.

ஃபேஸும் நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) சேர்ந்த ஒயரை அப்படியே சுற்றினால் பூஜ்யம்தான் வரும். இரண்டிலும் கரண்ட் எதிரெதிர் திசையில் ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் ஃபேஸ் மட்டும் நீளமாக வெளியே வருகிற மாதிரி ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலேஷனை வெட்டவே வேண்டாம், தனி வயர்களாகவே போடுங்கள். சுற்றும்போது பிளக் கழற்றியே இருக்க வேண்டும்.

அதிகக் கரண்ட் இழுக்கும் ஏ.சி, மோட்டார், கீசருக்கு இது தேவையில்லை. ஒரு சுற்றே போதும். இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் டி.சி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) என்பதால், டி.சி கரண்ட் அளக்கும் கிளாம்ப்தான் வேண்டும். சாதாரண கிளாம்ப் அங்கே சரியாகக் காட்டாது.