பால்வெட்டு இடுப்புக்கு எந்த யோகா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை எனக்கு. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு இறுகிப்போய், ராத்திரி புரண்டு படுக்கவே முடியாது. எலும்பில் கோளாறில்லை, தசைப்பிடிப்புதான் என்றார் டாக்டர். அப்புறம்தான் யோகா. முதலில் கிடைத்தது அஷ்டாங்க முறை. மூச்சோடு சேர்ந்து நிற்காமல் ஓடும் ஆசனங்கள், வியர்த்துக் கொட்டும், உடம்பு நல்ல வலுவாகும், ஆனால் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை.

ஐயங்கார் முறைதான் கைகொடுத்தது. அஷ்டாங்க முறையைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ், இந்த முறையைத் தந்த பி.கே.எஸ். ஐயங்கார் இருவருமே யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியின் மாணவர்கள், போன வழிதான் வேறு. ஐயங்கார் முறையில் சுவர், நாற்காலி, பெல்ட், மரக்கட்டை எல்லாம் துணைக்கு உண்டு. காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் கை தரையைத் தொடவே வேண்டாம், கட்டையில் ஊன்றி, முதுகைச் சுவரில் சாய்த்து நிதானமாக மூச்சுவிட்டபடி நின்றால் தொடையின் பின்பக்கம் மெல்ல இளகுவது நன்றாகத் தெரியும். மல்லாந்து படுத்து, பாதத்தில் பெல்ட்டை மாட்டிக் காலை மேலே நீட்டுவது அதைவிட சுகம்.

ராத்திரி யோக நித்திரை. படுத்தபடியே உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கவனிப்பது, அவ்வளவுதான். தூக்கம் திரும்பி வந்தது.

கால் மரத்துப்போகிறது என்றால் மட்டும் ஆசனம் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.