வன்னியில் வருடப்பிறப்பு: கையைக் கடிக்கும் சில தவறுகள்

மாரிமழையோடு விதைத்துத் தை, மாசியில் வெட்டும் காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும்போதுதான் சித்திரை வந்து நிற்கிறது. இலங்கையின் வடக்கே, வன்னியில் வருடப்பிறப்புச் செலவு அளவு மீறிப் போவதற்கு இதுதான் முதற்காரணம். அரிவி வெட்டு முடிந்து, மெஷின் கூலியும் உரக்கடைக் கடனும் கழித்து மிஞ்சியதை எண்ணிப் பார்த்தால் பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் ஏப்ரல் 14 முடிந்த கையோடு அடுத்த விதைப்பான சிறுபோக வேலை கழுத்தைப் பிடிக்கும். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று சொன்னதும் உழவு, விதைநெல், பசளை எல்லாம் ஒரே நேரத்தில் காசு கேட்கும். குளத்துத் தண்ணீர் எட்டாத மானாவாரிக்காரர் நிலை இன்னும் இறுக்கம். அவர்களுக்கு அந்தக் காசு அடுத்த தை, மாசி வரை ஓட வேண்டும். இடையில் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் இருக்கிறது, அங்கே போகாமல் இருக்க யாருக்கும் மனம் வராது.

ஆகவே சாமான் லிஸ்ட் எழுதுவதற்கு முன்பே சிறுபோகக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். கொண்டாடிவிட்டு மிச்சத்தில் விதைப்போம் என்று நினைத்தால் மிச்சம் இருக்காது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுவிடுவது. அறுவடை நேரத்தில் ஈரநெல்லுக்கு விலை குறைவு. அதை அடிவிலைக்குக் கொடுத்துவிட்டு, பங்குனிக் கடைசியில் வருடப்பிறப்புப் பொங்கலுக்குக் கடையில் அரிசிப் பக்கெட் வாங்குகிற விவசாயக் குடும்பங்கள் எத்தனையோ! ஒன்றிரண்டு மூட்டையை நன்றாகக் காயவைத்து வீட்டில் வைத்தால் பொங்கல் அரிசிக்கும் பலகார மாவுக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

கடன் எடுத்துக் கொண்டாடுவதைப் பற்றி வன்னியில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடனின் வலி இங்கே எல்லாருக்கும் தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடனுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. ஆனாலும் ஒவ்வொரு சித்திரைக்கும் அது வேறு உருவத்தில் வருகிறது. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன், உடுப்புக்காக அடகுக்குப் போகிற தோடு, ‘மாதம் இவ்வளவுதானே’ என்று தவணைக்கு எடுக்கிற போன். வருடப்பிறப்புத் தள்ளுபடி என்று பதாகை தொங்கினாலும், தவணை எல்லாவற்றையும் கூட்டி ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சரி, அந்த நாளுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? கோயிலில் வாங்கித் தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீர், பஞ்சாங்கம் தலைக்கும் காலுக்கும் வைக்கச் சொன்ன இலைகள், முற்றத்தில் ஒரு பொங்கல், நிறைகுடம், பெரியவர் கையால் காசு வாங்குகிற கைவிசேடம். ஐயருக்குக் கொடுக்கிற தட்சணையையும் சேர்த்து, இதற்குப் பெரிய காசு போகாது. செலவு ஏறுவது இதைச் சுற்றி நாம் கட்டிக்கொண்டவற்றால்தான்.

உடுப்பை எடுத்துக்கொள்வோம். பஞ்சாங்கம் ஒவ்வொரு வருடமும் ஒரு நிறம் சொல்லும். அந்த நிறத்தில் வீட்டில் எல்லாருக்கும் புதிது எடுக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. இருக்கிற சேலையில் அந்த நிறக் கரை இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு மட்டும் புதிது எடுங்கள், அதுவும் பிறகு ரியூசனுக்கும் கல்யாண வீட்டுக்கும் போடக்கூடியதாக. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் வருடம் பிறக்கும் நேரமே ஒத்துப்போவதில்லை, நிறத்துக்காக மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்? (நிறம் சொன்ன பஞ்சாங்கத்தில் உங்கள் ராசிக்கு எழுதியிருக்கிற வரவு செலவையும் ஒருமுறை பாருங்கள். செலவுப் பக்கத்தை மட்டும் எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துபோவார்கள்.)

அடுத்தது பலகாரம். முறுக்கு, பயத்தம் பணியாரம், அரியதரம், சிப்பி, அச்சுப் பலகாரம் என்று ஐந்தையும் ஒரே வீட்டில் சுடப் போவதுதான் பெரிய தவறு. எண்ணெயும் சீனியும் தேங்காயும் அங்கேதான் கரைகின்றன. இரண்டு வகை போதும்: ஒன்று எண்ணெயில் பொரிப்பது, மற்றது எள்ளுருண்டை போல எண்ணெய்ச் சட்டி தேவைப்படாதது. பக்கத்து வீட்டோடு முதலே கதைத்து, ‘நீங்கள் முறுக்கு சுடுங்கோ, நாங்கள் பணியாரம் சுடுறம்’ என்று பிரித்துக்கொண்டால் இரண்டு வீட்டுத் தட்டும் நிறையும். அகலத் தாச்சியை விடச் சிறிய, குழிவான தாச்சியில் பொரித்தால் எண்ணெய் குறைவாகப் பிடிக்கும். வளவில் விறகு கிடக்கும்போது காஸ் அடுப்பில் சுட வேண்டியதில்லை. அரியதரம் சுட்டுப் பழக்கமில்லாதவர்கள் இந்த நேரத்தில் பழக வேண்டாம். பதம் பிழைத்தால் மாவு எண்ணெயிலேயே கரைந்துபோகும், எண்ணெயும் பாழ்.

தேங்காயை உரிக்காமல் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம், கெடாது. பயறு, உளுந்து, எள்ளு மூன்றும் நம் பக்கமே விளைகிறவை. தெரிந்த விவசாயியிடம் கேட்டால் கடை விலைக்குக் கீழே கிடைக்கும். 12ஆம், 13ஆம் திகதிகளில் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ குடும்பமாக பஸ் ஏறிப்போய் சாமான் வாங்குவது எல்லாவற்றிலும் மோசம். அந்த நெரிசலில் விலை பேசவும் முடியாது, பொருளைப் பார்த்து எடுக்கவும் முடியாது.

கைவிசேடத்தில் வெளிநாட்டுக் காசு வரும் வீட்டோடு போட்டி போடாதீர்கள். வெற்றிலையில் நெல்லும் பூவும் ஒரு புதுக் காசுத் தாளும் வைத்துக் கொடுத்தால் முறை நிறைந்தது. சாராயத்தைப் பற்றி ஒரு வரி மட்டும்: அது எந்த வீட்டு லிஸ்டிலும் எழுதப்படுவதில்லை, ஆனால் கூட்டிப் பார்த்தால் சில வீடுகளில் பலகாரச் செலவை விட அதிகம்.

காசு இல்லை என்பதற்காக இனசனம் வீடுகளுக்குப் போகாமல் இருப்பதும் தவறுதான். பலகாரப் பெட்டி இல்லாவிட்டால் என்ன, வளவில் பழுத்த வாழைப்பழச் சீப்போ ஒரு கட்டு முருங்கைக்காயோ போதும்.

மறுநாள் கறிக்கு வருவோம். கடையில் கிலோக் கணக்கில் ஆட்டிறைச்சி வாங்குவதைவிட, ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து கிடாய் ஒன்று பிடித்துப் பங்கு போடுவது மலிவு. முழுப் பங்கு எடுக்கக் கஷ்டமென்றால் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பங்கு போடுகிறவரிடம் இரண்டு நாள் முதலே பெயர் கொடுத்துவிடுங்கள், விடிய எழும்பிப் போய்க் கேட்டால் எலும்பும் மிஞ்சியிருக்காது.