பார்வோ ஐயமுள்ள நாயின் மல மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை

தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டி, தீனி எடுக்காமல் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டு படுத்தால், அது பார்வோவாக (நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) இருக்கலாம். மருத்துவரிடம் காட்டும் அன்றே மல மாதிரியையும் எடுத்துவிட வேண்டும். நோய் தொடங்கிய முதல் சில நாள்களில்தான் மலத்தில் வைரஸ் மிகுதியாக வெளியேறுகிறது.

கையுறை அணிந்து, கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியை ஆசனவாயில் மெல்லச் செலுத்திச் சுழற்றி எடுக்கவும். பஞ்சு முழுவதும் மலத்தில் நனைந்திருக்க வேண்டும். நுனி மட்டும் ஈரமானால் போதாது. அதைச் சிறிதளவு சலைன் உள்ள குழாயில் இட்டு இறுக மூடி, நாயின் வயது, மாதிரி எடுத்த நாள், கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றை மேலே எழுதவும். இந்தத் தேதியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உயிருள்ள வைரஸ் தடுப்பூசி போட்ட சில வாரங்கள் வரை பி.சி.ஆர். சோதனை (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) அந்தத் தடுப்பூசி வைரஸையே காட்டிவிடக்கூடும் என்பதால், ஆய்வாளருக்கு இதைவிட முக்கியமான குறிப்பு வேறில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப விரும்புவோர், முன்கூட்டியே பேசி உறுதிசெய்துகொண்டு, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் அன்றே கொண்டு சேர்ப்பது நல்லது.

உடனடிக் கிட் சோதனையில் நோய் இல்லை என வந்தாலும் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். குடலிலுள்ள எதிர்ப்பொருள்கள் வைரஸைப் பற்றிக்கொண்டால் கிட் தவறவிடும், பி.சி.ஆர். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

சோப்பு இந்த வைரஸை அழிக்காது. கழுவிய தரையில், 30 பங்கு நீருக்கு 1 பங்கு பிளீச் திரவம் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடவும்.