மகனின் ட்ரோனும் 250 கிராமும்

249 கிராம் என்று பெட்டியில் போட்டிருந்ததால் பதிவு வேண்டாம் என்று நம்பி மகனுக்கு ஒரு ட்ரோன் வாங்கித் தந்தேன். கைக்கு ஆபத்து வேண்டாமே என்று இறக்கைக் காப்பு மாட்டி, சமையலறைத் தராசில் வைத்தேன். 250ஐத் தாண்டிவிட்டது! மொத்த எடைதான் கணக்கு. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேல் போனால் பதிவு கட்டாயம். 2020 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். அன்றே என் பெயரில் பதிவு செய்து, பதிவு வில்லையை (ஸ்டிக்கரை) ட்ரோனின் உடற்பகுதியில் ஒட்டினேன். கழற்றி மாற்றும் பேட்டரியில் ஒட்டினால் பயனில்லை.

அப்புறம் இடம். நாங்கள் இருப்பது ஈசூனில். செம்பவாங் விமானத் தளம் 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அனுமதியின்றிப் பறக்க விடக்கூடாது. ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் தேடி, தடையில்லாத ஒரு திடலைப் பிடித்தோம்.

உயரத்தில்தான் நிஜமாகத் தடுமாறினேன். வரம்பு 200 அடி, ஏறக்குறைய 60 மீட்டர். ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து. ட்ரோன் செயலி காட்டுவதோ கிளம்பிய தரையிலிருந்து. திடல் 20 மீட்டர் உயரத்தில் இருந்ததால் செயலியில் உச்ச வரம்பை 40 என்று பூட்டிவிட்டேன்.

2019 ஜூனில் ட்ரோன்களால் சாங்கி விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதை மகனிடம் சொன்னேன். இப்போது ஒவ்வொரு முறையும் எடையை அவனே பார்க்கிறான்.