டிவிக்குள் விசிஆர் இருக்கும் பெட்டியில் எந்த ஆடியோவை வைப்பது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்க, டிவிக்குள்ளேயே விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) பொருத்திய பெட்டியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் படம் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். கேசட்டில் பாட்டியின் குரல் இருக்கிறது என்றால் ஒலிக்குத்தான் முதலில் மெனக்கெட வேண்டும் என்பேன்.

பெட்டியின் முகப்பில் 'விஎச்எஸ் ஹை-ஃபை' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விசிஆர் பகுதி அநேகமாக மோனோதான், இரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் கேசட்டிலிருந்து வருவது ஒரே ஒலி, மெனுவில் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

ஹை-ஃபை இருந்தால் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. கேசட்டில் ஒலி இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கலாம். நாடாவின் ஓரத்தில் ஒடுங்கி ஓடுவது சாதாரண டிராக். 1980களில் வந்த ஹை-ஃபை டிராக்கோ, சுழலும் ஹெட் வழியாகப் படத்துக்கு அடியில் பதிகிறது. ஓர டிராக்கின் தரம் நாடா ஓடும் வேகத்தைப் பொறுத்தது: எஸ்பி என்னும் வழக்கமான வேகத்தில் நொடிக்குச் சுமார் 3.3 செ.மீ., அதே கேசட்டில் மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் இபி என்னும் மெதுவான வேகத்தில் 1.1 செ.மீ.தான், அதனால் இபி கேசட்டில் அந்த டிராக் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மங்கிக் கேட்கும். ஹை-ஃபைக்கு அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. ஆகவே முதலில் ஹை-ஃபையை வைத்துக் கேளுங்கள்.

கேட்கும்போது 'டர்ர்' என்று இரைச்சல் வந்தாலோ, ஒலி விட்டு விட்டு மாறினாலோ ஹெட்டை நாடாவின் பதிவோடு ஒத்துப்போக வைக்கும் டிராக்கிங் பட்டனை மெல்ல நகர்த்துங்கள். அப்படியும் அடங்கவில்லையா, ஆடியோவை நார்மல் அல்லது மோனோவுக்கு, அதாவது ஓர டிராக்குக்கு, மாற்றிவிடுங்கள். ஹை-ஃபை சிக்னல் அறுந்து அறுந்து வரும்போது விசிஆர் தானாகவே இரண்டு டிராக்குக்கும் இடையே தாவும், அந்தத் தாவல்தான் காதைக் குத்துகிறது. கொஞ்சம் மங்கலானாலும் ஒரே சீராக வரும் ஒலியில் பேச்சு நன்றாகப் புரியும்.

கல்யாணக் கேசட்டுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிறகு பாட்டு சேர்க்க ஆடியோ டப் செய்திருந்தால் அது ஓர டிராக்கை மட்டுமே அழித்து எழுதும். ஹை-ஃபையிலும் பதிவான கேசட் என்றால் அன்றைக்கு மண்டபத்தில் பேசிய பேச்சு அடியில் அப்படியே இருக்கும்! இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். 'மிக்ஸ்' இருந்தால் இரண்டும் கலந்து வரும், மற்ற கேசட்டுகளுக்கு அது வேண்டாம், ஓர டிராக்கின் இரைச்சலும் கூடவே வந்துவிடும். (இந்தியாவிலிருந்து கொண்டு வந்த கேசட் 'பால்' (PAL) என்னும் வீடியோ முறையில் பதிவானது. அமெரிக்க, கனடிய முறையான என்டிஎஸ்சியை மட்டும் ஓட்டும் பெட்டியில் ஆடியோவை எப்படி மாற்றினாலும் அது சரிவராது.)

அப்புறம் சரவுண்ட், ஒலி நம்மைச் சுற்றி வருவது போலக் காட்டும் அமைப்பு. பேச்சு முக்கியம் என்றால் அணைத்துவிடுங்கள்.

மெனுவில் எம்டிஎஸ் என்று ஒரு பகுதி இருக்கும்: ஸ்டீரியோ, எஸ்ஏபி, மோனோ. இது கேசட்டுக்கு அல்ல, ஆன்டெனாவில் வந்த அனலாக் ஒளிபரப்புக்கு. எஸ்ஏபி என்பது இரண்டாவது மொழி, அமெரிக்காவில் பெரும்பாலும் ஸ்பானிஷ். அங்கே பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு 2009 ஜூன் 12-இல் நின்றுபோனதால் இப்போது மொழியை, டிஜிட்டல் ஒளிபரப்பைப் பழைய டிவிக்கு ஏற்ப மாற்றித் தரும் கன்வர்ட்டர் பாக்ஸில்தான் மாற்ற வேண்டும், ரெக்கார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், பிறகு நாடாவில் மாற்ற வழியில்லை. பாக்ஸை ஆன்டெனா ஒயரில் 3-ஆம் சேனல் வழியாக இணைத்தால் பொதுவாக மோனோதான் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களில் இணைத்து, இன்புட்டை 'லைன்' என்று வையுங்கள். பெட்டியில் சிவப்புத் துளை இல்லையென்றால் வெள்ளையை மட்டும் செருகிவிட்டு விடாதீர்கள், வலப்பக்க ஒலி போய்விடும், இரண்டையும் ஒன்றாக்கும் ஒய் ஒயர் வாங்கிச் செருகுங்கள்.