பழைய சொல், புதுப் பொருள்: பாஸ் மீன்பிடிப் பேச்சைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960-களின் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த பாஸ் மீன்பிடிக் கட்டுரை ஒன்றையும், இந்த ஆண்டின் போட்டி வர்ணனை ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பாதிச் சொற்கள் புதியவை. அவற்றால் பெரிய ஆபத்து இல்லை, புரியவில்லை என்றால் தேடித் தெரிந்துகொள்வோம். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் சொற்களில்தான் கவனம் வேண்டும். சொல் அப்படியே இருக்கும், அது குறிக்கும் பொருள் எப்போதோ மாறியிருக்கும். தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விடுவோம். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

எந்த மீனைப் பற்றிய பேச்சு?

நம் ஊரில் 'சீ பாஸ்' என்றால் கொடுவா. அந்த நினைப்போடு பாஸ் போட்டியைப் பார்க்க உட்காராதீர்கள். அங்கே பேசப்படுபவை லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத், ஸ்பாட்டட் பாஸ் போன்ற வட அமெரிக்க நன்னீர் மீன்கள். சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலேயே ஸ்ட்ரைப்டு பாஸ் வேறு குடும்பம். ஃபுளோரிடாவில் 1984-ல் கொண்டுவந்து விட்ட பீகாக் பாஸ் இன்னும் தூரம், அது நம் ஜிலேபி மீனுக்குச் சொந்தம்.

பழைய நூல்களில் சிக்கல் இன்னும் கூடும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் லார்ஜ்மவுத்தை நெடுங்காலம் 'ட்ரவுட்' என்றே அழைத்தார்கள், லூசியானாவில் 'கிரீன் ட்ரவுட்'. வடக்கே நியூயார்க் பக்கம் 'ஆஸ்வீகோ பாஸ்'. சூடான சதுப்பு நிலக் கால்வாயில் ட்ரவுட் பிடித்ததாக ஒரு 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு சொன்னால், குளிர்ந்த மலையோடை மீனைக் கற்பனை செய்ய வேண்டாம். அது பாஸ்தான். மருத்துவர் ஜேம்ஸ் ஹென்ஷால் 1881-ல் பிளாக் பாஸைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பிரித்தெடுக்கவே பல பக்கங்கள் செலவழித்தார்.

அறிவியல் பெயரைப் போட்டுவிட்டால் பிழைத்தோம் என்று நினைப்பதும் தவறு. பிரெஞ்சு அறிஞர் லாசெபேட் 1802-ல் வைத்த 'சால்மோய்டிஸ்' என்ற இனப்பெயர் இருநூறு ஆண்டுகளாக லார்ஜ்மவுத்துக்கு வழங்கிவந்தது. 2022-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அந்தப் பெயர் உண்மையில் ஃபுளோரிடா பாஸுக்கு உரியது என்று காட்டியது. லார்ஜ்மவுத் இப்போது 'நைக்ரிகன்ஸ்'. அமெரிக்க மீன்வளச் சங்கத்தின் பெயர்ப் பட்டியலும் இதை ஏற்றுக்கொண்டது. ஆகவே 'சால்மோய்டிஸ்' என்று எங்கே கண்டாலும் அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டைப் பாருங்கள்.

கருவி போனது, பெயர் நின்றது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

இன்றைய போட்டியாளர் "ரெண்டு நாள் கிராஃப் பண்ணினேன்" என்கிறார். தாளும் பேனாவும் வைத்து வரைபடம் போட்டார் என்று பொருள் இல்லை. தூண்டிலையே வீசாமல், ஒலியலை அனுப்பி நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் கருவியின் திரையைப் பார்த்தபடி ஏரி முழுக்கப் படகை ஓட்டினார் என்று பொருள். 1950-களின் கடைசியில் கார்ல் லோரன்ஸ் விற்கத் தொடங்கிய பச்சைப் பெட்டியில் வெறும் ஒளிப்பொட்டுகள்தான் மின்னும், அதனால் அந்த வகைக் கருவி 'ஃபிளாஷர்'. அப்புறம் வந்த கருவி, ஓடும் காகிதச் சுருளில் ஏரியின் அடித்தளத்தைக் கோடாகப் பதித்துக் கொடுத்தது. அதுதான் உண்மையான 'கிராஃப்'. காகிதம் போய், வண்ணத்திரை வந்து பல காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் இருக்கிறது. 1980-களின் கட்டுரையில் 'கிராஃப் காகிதம் தீர்ந்துவிட்டது' என்று வந்தால் அதை அப்படியே எழுத்துப்படி எடுத்துக்கொள்ளலாம்.

'ஸ்ட்ரிங்கர்' என்பதும் இப்படித்தான். பிடித்த மீன்களைக் கோர்த்துத் தண்ணீரில் தொங்கவிடும் கயிறு அது. "இருபது பவுண்ட் ஸ்ட்ரிங்கர்" என்றால் ஒரு காலத்தில் கயிற்றில் கோர்த்த, வீட்டுக்குப் போகும் மீன். 1968-ல் பாஸ் சங்கத்தைத் தொடங்கிய ரே ஸ்காட், 1972-ல் பிடித்த மீனைக் கொல்லாமல் திரும்ப விடும் இயக்கத்தை அந்தப் போட்டிகளில் முன்னெடுத்தார். அதிலிருந்து மீன்கள் படகின் உயிர்த்தொட்டியில் நீந்துகின்றன, எடை போட்டதும் தண்ணீருக்குத் திரும்புகின்றன. வயதான வர்ணனையாளர்கள் இன்னும் 'ஸ்ட்ரிங்கர்' என்கிறார்கள். இன்றைய போட்டியைப் பற்றி எழுதும்போது அதைக் 'கயிற்றில் கோர்த்த மீன்கள்' என்று மொழிபெயர்த்தால், இந்த விளையாட்டு பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயரையே கெடுக்கிறோம். 'கல்' (cull) செய்வதும் அப்படியே. கால்நடை வளர்ப்பில் அது வேண்டாததைக் கழித்துக்கட்டுவது. இங்கே பெரிய மீன் கிடைத்ததும் தொட்டியில் இருக்கும் சிறியதை உயிரோடு விடுவது.

'டிரோலிங் மோட்டார்' தமிழில் இரட்டிப்புக் குழப்பம் தருகிறது. படகை ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் முறை ஒன்று, கடலில் இழுவலை போடுவது இன்னொன்று. தமிழ் எழுத்தில் இரண்டுமே 'டிராலிங்' ஆகிவிடுகிறது. இழுவலைச் சண்டைகளைச் செய்தியில் படித்து வளர்ந்த நமக்கு எது முதலில் நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாஸ் படகின் முகப்பில் இருக்கும் அந்த மின்மோட்டார் இரண்டுக்குமே பயன்படுவதில்லை. சத்தமில்லாமல் படகை நகர்த்தவும் ஓரிடத்தில் நிறுத்தவும்தான் அது. இழுத்துப் பிடிக்கும் முறை பாஸ் சங்கப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது.

'ஜிக் அண்ட் பிக்' என்பதில் பன்றி எங்கே என்று கேட்பவர்களுக்கு: ஜிக் என்பது ஈயத் தலை வைத்த தூண்டில் முள். அதில் முன்பு உண்மையான பன்றித்தோல் துண்டைத்தான் மாட்டினார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்.

ஒரே சொல், இரண்டு வேலை

'ஸ்ட்ரக்சர்', 'கவர்' இரண்டையும் மாற்றிப் போடுவது அமெரிக்கர்களே செய்யும் தவறு. வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெர்ரி, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், மீன்கள் ஏரி அடியின் மேடு பள்ளங்களை ஒட்டி நகர்கின்றன என்று ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார். ஸ்ட்ரக்சர் என்றால் அந்தத் தரையமைப்பு: மூழ்கிய ஆற்றுப்படுகை, திட்டு, சரிவு. அதன்மேல் கிடக்கும் மரம், பாசி, புதர் எல்லாம் கவர். தமிழில் இரண்டுக்கும் 'மறைவிடம்' என்று எழுதிவிட்டால் பெர்ரி சொன்னதே காணாமல் போய்விடும். மறைவு எதுவுமே இல்லாத வெறும் சரிவிலும் மீன் இருக்கும் என்பதுதான் அவர் பாடம்.

'டூடுல்சாக்கிங்', 'டூடுலிங்' இரண்டும் காதுக்கு ஒரே குடும்பம். முதலாவது தென்மாநிலங்களின் பழைய முறை: நீளமான கழி, சின்னத் துண்டு தூண்டில் நரம்பு, அடர்ந்த புதரின் ஓரத்தில் செயற்கை இரையை அடித்து அலைப்பது. இரண்டாவது தெற்கு கலிஃபோர்னியாவின் ஆழமான, தெளிந்த நீர்த்தேக்கங்களில் வளர்ந்தது: மெல்லிய நரம்பில் பிளாஸ்டிக் புழுவைப் படகுக்குக் கீழே இறக்கி நடுங்கவிடுவது. ஒன்று முரட்டுத்தனம், மற்றது நுணுக்கம்.

'ஸ்டிக்பெய்ட்' என்றால் பழைய ஆட்களுக்கு ஸாரா ஸ்பூக் போல நீர்மேல் நடக்கும் கெட்டி இரை. கேரி யமமோட்டோவின் செங்கோ பரவிய பிறகு வந்தவர்களுக்கு அது மெதுவாக மூழ்கும் மென்புழு. 'ஸ்விம்பெய்ட்' என்பது முதலில் கலிஃபோர்னியாவில் ட்ரவுட் மீனைப் போலச் செய்த பெரிய இரை. இன்று விரல் நீள வாலாட்டி இரைக்கும் அதே பெயர்தான். ஆகவே அளவைக் குறிப்பிடாத ஸ்விம்பெய்ட் அறிவுரை எதையும் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

எடையைப் படிப்பதில் வரும் பிழை

போட்டி முடிவில் '20-14', '20-6' என்று இருந்தால் எது பெரியது? கிலோவுக்கும் தசமத்துக்கும் பழகிய நம் கண், 20.6 என்று படித்து இரண்டாவதையே தேர்ந்தெடுக்கும். அவை பவுண்டும் அவுன்ஸும். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்பதால் 20-14 தான் அதிகம். பெயர்பெற்ற உலகச் சாதனையும் இப்படித்தான் எழுதப்படுகிறது: ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி 1932 ஜூன் 2-ல் பிடித்தது 22-4. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா 2009 ஜூலை 2-ல் பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்குள் கூடுதல். முந்துவதற்கு 2 அவுன்ஸ் வித்தியாசம் வேண்டும் என்பது விதி. அதனால் சாதனை இருவருக்கும் சமம். 'குரிதா முறியடித்தார்' என்று எழுதுவது பிழை.

'பேக்' என்பது பொதுவாக ஒரு நாளின் சிறந்த ஐந்து மீன்களின் மொத்த எடை. ஆனால் 2019-ல் தொடங்கிய பாஸ் ப்ரோ டூர் என்ற போட்டித் தொடர், குறைந்தபட்ச எடையைத் தாண்டிய ஒவ்வொரு மீனையும் கணக்கில் சேர்த்தது. அதன் மொத்தத்தையும் ஐந்து மீன் எடையையும் ஒரே அட்டவணையில் போட்டு யார் பெரியவர் என்று வாதாடுவதில் பொருள் இல்லை.

மீனின் அளவைச் சொல்லும் செல்லப்பெயர்கள் ஏராளம்: லங்கர், ஹாக், டோட், டேங்க், சின்னதற்கு டிங்க். இவற்றுக்கு நிலையான எடை கிடையாது, அந்த ஏரியைப் பொறுத்தது. 'கிக்கர்' மட்டும் தனி. ஐந்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்து மொத்த எடையைத் தூக்கிவிடும் மீன் அது. சிறுமீன்கள் மட்டும் கிடைக்கும் ஏரியில் மூன்று பவுண்ட் மீனும் கிக்கர் ஆகலாம்.

பெயர் பிறந்த நாளும் முறை பிறந்த நாளும்

போட்டியாளர் டீ தாமஸ் 1975-ல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் வென்றபோது 'ஃபிளிப்பிங்' நாடறிந்த சொல்லானது. அந்த ஆண்டில்தான் முறையே பிறந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் கோரைப்புதர்களில் நீண்ட கழியால் இரையை இறக்கும் 'டூலி டிப்பிங்' முன்பே இருந்தது. அதைக் குட்டையான தூண்டில் கம்புக்கும் நரம்பு சுற்றும் சுருளுக்கும் ஏற்றபடி மாற்றியதுதான் தாமஸின் சாமர்த்தியம். 'அலபாமா ரிக்' 2011 அக்டோபரில் கன்டர்ஸ்வில் ஏரியில் பால் எலியாஸ் வென்றதும் தீப்பிடித்தது போலப் பரவியது. ஆனால் பல இரைகளைக் குடைக்கம்பி போல விரித்துக் கட்டும் முறையைக் கடலில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பவர்கள் அதற்கு முன்பே வைத்திருந்தார்கள். 1990-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து அமெரிக்கப் போட்டிகளுக்கு வந்த 'டிராப் ஷாட்' நம் கடற்கரையில் தூண்டில் போடுகிறவருக்குப் புதிதாகவே தெரியாது. அடியில் ஈயம், அதற்கு மேலே முள். பாஸ்காரர்கள் அதில் சேர்த்தது மெல்லிய நரம்பும் நுனி நடுங்கும் கம்பும்.

இப்போது சூடாக இருக்கும் சொல் 'ஸ்கோப்பிங்'. கார்மின் 2018-ல் வெளியிட்ட லைவ்ஸ்கோப்பிலிருந்து பிறந்து, எந்த நிறுவனத்தின் முன்னோக்கு சோனாருக்கும் பொதுவாகிவிட்டது. திரையில் தனி மீனைப் பார்த்து அதன் முன்னால் இரையைப் போடுவது. இது விளையாட்டைக் கெடுக்கிறது என்று ஒரு தரப்பும், வளர்க்கிறது என்று இன்னொரு தரப்பும் கடுமையாக மோதுகின்றன. பாஸ் சங்கம் 2025 முதல் தன் எலைட் போட்டிகளில் படகுக்கு ஒரே ஒரு நேரடி சோனார் உணரி என்று வரம்பு வைத்தது. இந்தச் சண்டையில் அடிக்கடி வரும் வசவு 'வீடியோ கேம் மீன்பிடி'. இந்தச் சொல் லைவ்ஸ்கோப்பை விட மூத்தது. படகுக்கு நேர் கீழே டிராப் ஷாட்டை இறக்கி, அது மீனை நெருங்குவதைப் பழைய சோனார் திரையில் பார்த்துப் பிடிப்பதை அப்போது இப்படிச் சொன்னார்கள். சொன்னவர்கள் உற்சாகத்தோடுதான் சொன்னார்கள். 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அந்தச் சொல்லைக் கண்டுவிட்டு, அப்போதே எதிர்ப்பு கிளம்பிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.