ஈரல் வைரஸும் சுகரும்: எங்கே கோட்டை விடுகிறோம்?

ஈரலுக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒரு டாக்டர் என்று இரண்டு ஃபைல்களோடு அலைபவர்கள் பலர். ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி இருப்பதைச் சுகர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. "அது வேற, இது வேற" என்ற நினைப்பு. பெரிய தவறு இதுதான்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைச் சேமிப்பதும், வயிறு காலியாக இருக்கும்போது அளந்து வெளியே விடுவதும் கல்லீரல்தான். இன்சுலின் சொன்னால் அது விடுவதைக் குறைக்க வேண்டும். சி வைரஸோ ஈரல் செல்லுக்குள்ளேயே குடியேறி, இன்சுலினின் கட்டளை உள்ளே போய்ச் சேரும் பாதையைக் கெடுக்கிறது. சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை, வந்தால்தான் சுகர் ஏறும் என்று நினைக்காதீர்கள். அதற்கு வெகு முன்பே இது தொடங்கிவிடலாம். 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 40 வயதைத் தாண்டியவர்களில் இந்தத் தொற்று உள்ளவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது.

அதற்காக எல்லா மஞ்சள் காமாலையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். பி வகைக்கும் சுகருக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் பி முற்றி ஈரல் சுருங்கினால் சுகரும் கெடும்.

"கண்ணு மஞ்சளாகலையே" என்று இருந்துவிடுவதும் ஆபத்து. சி வகை பல வருடம் சத்தமே இல்லாமல் உள்ளே இருக்கும். முன்பு எப்போதோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள்) பாசிட்டிவ் என்று வந்தால் உடனே இடிந்துபோகவும் வேண்டாம். கிருமி எப்போதோ வந்து போயிருந்தாலும், மருந்தில் குணமாகியிருந்தாலும் அது பாசிட்டிவ்தான் காட்டும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை, வைரஸின் மரபுப்பொருளையே ரத்தத்தில் தேடும் ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும்.

அடுத்தது என்னை ரொம்பவே கவலைப்படுத்துவது. வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருந்தால் மாமியார், மருமகன், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் விரலை நீட்டுகிறார்கள். "ஊசியை மாத்திட்டோமே" என்கிறார்கள். ஊசியை மாற்றினாலும், விரலில் வைத்து அழுத்தும் பேனாவின் மூடியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். பேனா ஆளுக்கு ஒன்று, கண்டிப்பாக. மீட்டரும் அப்படியே இருந்தால் நல்லது. சர்க்கரை நோயாளிகள் பி தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை.

காமாலை என்றதும் கரும்புச்சாறும் குளுக்கோஸ் தண்ணீரும் டம்ளர் டம்ளராகக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். சுகர் உள்ளவருக்கு அது எமன். கீழாநெல்லியை நம்பி மாதங்களைக் கடத்துவதும் வேண்டாம். சி வகையை இன்று மாத்திரையிலேயே, பெரும்பாலும் 12 வாரத்தில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணப்படுத்த முடிகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது.

அந்த மாத்திரை எடுக்கும்போதுதான் அடுத்த சறுக்கல். வைரஸ் குறையக் குறைய இன்சுலின் மறுபடி ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கலாம். பழைய அளவிலேயே இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுத்தால் சுகர் சட்டென்று இறங்கிவிடும்: வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே சுகர் டாக்டருக்குத் தகவல் போக வேண்டும். வீட்டிலும் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்னொன்று: சிரோசிஸ் அல்லது ரத்தசோகை இருந்தால் சுகரின் மூன்று மாத சராசரிப் பரிசோதனை (HbA1c) உண்மையைவிடக் கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடும். அப்போது விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.